ஈடு வைப்பது வேறு, ஈடு காட்டுவது வேறு

போன மாதம் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், கையில் காகிதக் கட்டோடு கீழக்குயில்குடிக்கு வந்தார். கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு, அப்பாவின் ரெண்டு ஏக்கரை இயற்கை வழியில் பார்க்க வந்தவர். கிசான் கிரெடிட் கார்டு கடனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். கையெழுத்துப் போட வங்கியில் கொடுத்த பத்திரங்களில் ஒரே ஒரு வார்த்தையை மட்டும் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தார். 'ஹைப்பாதிகேட்.'

"சார், நீங்க பேங்க்ல இருந்தவரு. கடன் வாங்குறவர் இன்ன பயிரை ஹைப்பாதிகேட் செய்கிறார்னு இதுல போட்டிருக்கு. அப்ப செய்றது நான்தானே? நான் என்ன செய்றேன்னு எனக்கே தெரியாம எப்படி சார் கையெழுத்துப் போடுறது?"

முப்பத்துநாலு வருசம் வங்கியில் இருந்தவன் நான். அந்த வார்த்தை உள்ள பத்திரங்களில் எத்தனையோ கையெழுத்தும் கைநாட்டும் வாங்கியிருக்கிறேன். யாரும் இப்படி வட்டம் போட்டுக் கேட்டதில்லை. எனக்கு ஞாபகம் இருக்கிற வரை ஒரே ஒரு அம்மாதான் கேட்டார். அவரும் கைநாட்டு வைத்து ரெண்டு வருசம் கழித்துத்தான் கேட்டார்.

அது 1990களின் நடுவில். ஒரு கிராமக் கிளையில் கடன் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா ரெண்டு கறவை மாட்டுக்குக் கடன் வாங்கியிருந்தார். கோடையில் தீவனத்துக்கு வழியில்லை. வீட்டுக்காரருக்கு வைத்தியச் செலவு வேறு. ஒரு மாட்டைச் சந்தையில் விற்றுவிட்டார். ஆய்வுக்குப் போன நான் தொழுவத்தில் ஒரு மாடுதான் நிற்பதைப் பார்த்தேன். "பேங்க் மாட்டை வித்தது குத்தம்மா. போலீஸ் கேஸ் ஆயிரும்" என்று அதட்டினேன்.

அவர் பயப்படவில்லை. நிஜமாகவே புரியாமல் என்னைப் பார்த்தார்.

"ஏய்யா, என் தொழுவத்துல நின்னுச்சு, என் கையால தீனி தின்னுச்சு, சாணியும் நான்தான் அள்ளுனேன். அது எப்பய்யா ஒங்க மாடாச்சு? நகையை அடகு வச்சா வாங்கிப் பெட்டியில பூட்டுறீக. மாட்டை நீங்க புடிச்சிட்டுப் போகலையே?"

என்னிடம் பதில் இல்லை. பதில் அந்த ஒரு வார்த்தைக்குள் இருந்தது. கைநாட்டு வாங்கிய அன்றைக்கு அதை நான் அவருக்குச் சொல்லவே இல்லை. பாலை ஊற்றிப் பாலை ஊற்றி அந்தக் கடனை அவர் கட்டி முடித்துவிட்டார். என் பாக்கி மட்டும் நிற்கிறது. அதைத் தீர்க்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் வார்த்தை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். இது கிரேக்க மொழியில் பிறந்து லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 'ஹைப்போ' என்றால் கீழே. 'தீக்கே' என்ற பகுதி வைத்தலைக் குறிக்கும் வேரிலிருந்து வருவது. ஒரு பொருளைக் கடனுக்கு அடியில் வைப்பது என்று சொல்லலாம். பள்ளியில் படித்த 'ஹைப்பாதிசிஸ்' என்ற சொல்லும் இதே வேர்தான். வாதத்துக்கு அடியில் வைக்கிற அனுமானம். அதனால் சில ஆங்கில அகராதிகளில் ஹைப்பாதிகேட் என்பதற்கு 'அனுமானம் செய்' என்ற பொருளும் இருக்கும். வங்கிக் காகிதத்தில் அந்தப் பொருள் கிடையாது, குழம்ப வேண்டாம்.

பழைய ஏதென்ஸில் ஒரு வழக்கம் இருந்தது. நிலத்தின் மேல் கடன் இருந்தால், அந்த நிலத்திலேயே ஒரு கல்லை நட்டு, கடன் விவரத்தை அதில் வெட்டி வைப்பார்கள். கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அப்படிப்பட்ட கற்கள் கிடைத்திருக்கின்றன. வரப்பில் நடந்து போகிறவன் எவனும் படிக்கலாம், அவன் மொழியிலேயே. எங்கள் ஊர் சமணர் மலையில் பேச்சிப்பள்ளத்துக்கு ஏறிப் போனால், ஆயிரம் வருசத்துக்கு முந்திய வட்டெழுத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அந்தச் சிலைகளைச் செய்வித்தது யார் என்று அன்றைக்கு வழங்கிய தமிழில் வெட்டியிருக்கிறார்கள். யார் செய்தது, எதற்குச் செய்தது என்பதை ஊர் படிக்கிற மாதிரி எழுதுவதுதான் பழைய முறை. நம் வெள்ளாமையின் மேல் இருக்கிற கடன் மட்டும் நமக்கே படிக்கத் தெரியாத வார்த்தையில், வங்கி அலமாரிக்குள் கிடக்கிறது.

இப்போது பொருளுக்கு வருகிறேன். கடனுக்கு ஈடு கொடுக்கிற வழிகள் நமக்குப் புதிது இல்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொல்லே வைத்திருக்கிறோம்.

நகையை வைத்தால் அடகு. பொருள் கடன் கொடுத்தவர் கைக்குப் போய்விடும். 1872ஆம் வருசத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் 172ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. நிலத்தையோ வீட்டையோ எழுதி வைத்தால் அடமானம். 1882ஆம் வருசத்துச் சொத்து மாற்றுச் சட்டம் 58ஆம் பிரிவு. மூலப் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்துக் கடன் வாங்குவதும் அதே பிரிவுக்குள் வரும். நிலத்தையே கடன் கொடுத்தவர் கையில் விட்டு, வட்டிக்குப் பதில் அவர் வெள்ளாமையை எடுத்துக்கொள்வது ஒற்றி, போக்கியம். இதெல்லாம் நம் பாட்டிகளுக்கே தெரியும்.

ஹைப்பாதிகேட் இந்த மூன்றிலும் சேராது. இது அசையும் பொருளுக்கு. பொருள் நம் கையை விட்டுப் போகாது. நாமே வைத்துக்கொள்வோம், நாமே பயன்படுத்துவோம். ஆனால் கடன் தீரும் வரை அதன் மேல் வங்கிக்கு ஒரு பிடி உண்டு. ஒப்பந்தச் சட்டத்தில் இந்தச் சொல்லுக்கு விளக்கம் இல்லை. 2002ஆம் வருசத்து சர்ஃபாசி சட்டத்தில் 2ஆம் பிரிவில் இருக்கிறது. அங்கே ரெண்டு விசயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, பொருளை ஒப்படைக்காமலே ஈடாக்குவது. இன்னொன்று, இப்போது இருக்கிற பொருள் மட்டுமில்லை, இனிமேல் வரப்போகிற பொருளும் இதில் அடங்கும்.

அதாவது, இன்னும் விதைக்காத பயிரையும் ஹைப்பாதிகேட் செய்யலாம். நாற்றங்காலில் விதை போடும் முன்னே அறுவடையின் மேல் வங்கிக்குப் பிடி வந்துவிடுகிறது.

"பயிர் மண்ணுல வேர் விட்டு நிக்குது, அது எப்படி அசையும் பொருள்?" என்று அந்தத் தம்பி கேட்டார். நல்ல கேள்வி. சொத்து மாற்றுச் சட்டம் 3ஆம் பிரிவு, நிற்கிற பயிரும் புல்லும் அசையாச் சொத்தில் சேராது என்று சொல்கிறது. நிலம் அசையாது, அதில் நிற்கும் நெல் சட்டத்தின் கண்ணில் அசையும். அதனால்தான் நிலத்தை அடமானம் வைக்காமல் பயிரை மட்டும் ஹைப்பாதிகேட் செய்து கடன் வாங்க முடிகிறது. சிறு விவசாயிக்கு இது பெரிய உதவி என்பதையும் சொல்ல வேண்டும். 2025 ஜனவரி 1 முதல், ஒரு விவசாயிக்கு 2 லட்சம் ரூபாய் வரையிலான விவசாயக் கடனுக்கு வேறு சொத்து ஈடு கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி உயர்த்தியிருக்கிறது. 2019 முதல் அது 1.6 லட்சமாக இருந்தது. இந்த வரம்புக்குள் கடன் கேட்கும்போது யாராவது நிலப் பத்திரத்தைக் கொண்டுவரச் சொன்னால், "எதுக்குங்க?" என்று தாராளமாகக் கேட்கலாம்.

இந்த வினைச்சொல் இன்னும் ரெண்டு இடங்களில் புழங்குகிறது. இங்கிலாந்தில், ஒரு குறிப்பிட்ட செலவுக்கென்றே ஒதுக்கி வைக்கிற வரியை ஹைப்பாதிகேட் செய்த வரி என்பார்கள். நம் ஊரில் 2016 ஜூனில் வந்த கிருஷி கல்யாண் செஸ் அந்த மாதிரிதான்; விவசாயத்தின் பெயரில் எல்லாரிடமும் 0.5% பிடித்தார்கள். அடுத்த வருசம் ஜிஎஸ்டி வந்ததும் அது போய்விட்டது. இன்னொன்று, பங்குச் சந்தையில் 'ரீ-ஹைப்பாதிகேட்'. ஈடாக வந்த பொருளை வாங்கியவரே இன்னொருவரிடம் ஈடு வைப்பது. நம் ஊர் வட்டிக்கடைக்காரர் நம்முடைய நகையைக் கொண்டுபோய் வேறு இடத்தில் வைப்பாரே, மறு அடகு, அதே சங்கதி. 2008இல் லேமன் பிரதர்ஸ் திவாலானபோது, லண்டனில் அதனிடம் சொத்தை ஈடாகக் கொடுத்திருந்த பலர் அதைத் திரும்பப் பெற வருசக்கணக்கில் அலைந்ததற்கு இந்த மறு அடகும் ஒரு காரணம். பெரிய முதலாளிகளே அர்த்தம் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்பதில் நமக்கு ஒரு சின்ன ஆறுதல்.

சரி, தமிழில் இதற்கு என்ன சொல்வது? சட்ட அகராதிக்காரர்கள் நீளமான தொடர்களைச் செய்து வைத்திருக்கிறார்கள். அதை வங்கியில் சொன்னால் மேனேஜருக்கும் புரியாது, நமக்கும் புரியாது. எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், நாம் ஏற்கெனவே பேசுகிற பேச்சிலேயே சொல் இருக்கிறது. "டிராக்டரை ஈடாக் காட்டிக் கடன் வாங்கினேன்" என்று நம் ஆட்கள் சொல்கிறார்கள். நகை விசயத்தில் 'வச்சேன்' என்கிறோம். கையில் வைத்துக்கொண்டே கொடுக்கிற ஈட்டுக்குக் 'காட்டினேன்' என்கிறோம். ஈடு வைத்தால் பொருள் போய்விடும். ஈடு காட்டினால் பொருள் நம்மிடம் இருக்கும், பொறுப்பும் நம்மிடம் இருக்கும். ஹைப்பாதிகேட் என்பதற்கு 'ஈடு காட்டு' என்பதே போதும் என்பது என் கருத்து. அன்றைக்கு அந்த அம்மாவிடம், "அம்மா, மாடு ஒங்க தொழுவத்துலதான் நிக்கும். ஆனா அதைத்தான் கடனுக்கு ஈடாக் காட்டியிருக்கீக. கடன் முடியிற வரைக்கும் எங்ககிட்டச் சொல்லாம விக்கக்கூடாது. கஷ்டம்னா முன்னாடியே வந்து சொல்லுங்க" என்று நாலு வரி பேசியிருந்தால் போதும். ஒரு நிமிசம் ஆகியிருக்காது.

இது வெறும் மொழிப் பிரச்சினை இல்லை. அர்த்தம் தெரியாமல் போட்ட கையெழுத்து எங்கே வந்து இடிக்கும் என்பதை, மேசையின் ரெண்டு பக்கமும் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதல் இடி பயிரின் பெயரில். பயிர்க் கடன் அளவை ஏக்கருக்கு இவ்வளவு, இந்தப் பயிருக்கு இவ்வளவு என்று மாவட்டத் தொழில்நுட்பக் குழு நிர்ணயிக்கிறது. பத்திரத்தில் பயிர் பெயருக்கு ஒரே ஒரு கட்டம். நாமோ கடலையோடு துவரை போடுவோம், வரப்பில் உளுந்தும் தட்டாம்பயறும் போடுவோம், ஓரத்தில் ஆமணக்கு நிற்கும். எனக்கே நடந்தது. போன தடவை கடனைப் புதுப்பித்தபோது, என் புஞ்சைக்கும் சேர்த்து 'நெல்' என்று எழுதி நீட்டினார்கள். என் புஞ்சையில் நெல் முளைத்து நான் பார்த்ததில்லை. நான் பழைய ஆள் என்பதால் திருத்தச் சொன்னேன், திருத்தினார்கள். புதிதாகப் போகிறவர் பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவார். வயலில் இல்லாத ஒரு பயிரை அவர் ஈடு காட்டியிருப்பார்.

அதனால் என்ன என்று கேட்கலாம். காப்பீட்டில்தான் அது கடிக்கும். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் கடன் வாங்கியவருக்கு வங்கியே பிரீமியத்தைப் பிடித்துக் கட்டும். காரிஃப் உணவுப் பயிருக்குக் காப்பீட்டுத் தொகையில் 2%, ராபிக்கு 1.5%, வணிகப் பயிருக்கும் தோட்டப் பயிருக்கும் 5%. வங்கிக் காகிதத்தில் எந்தப் பயிர் இருக்கிறதோ அதற்குத்தான் கட்டுவார்கள். வயலில் கடலை கருகினால், நெல்லுக்குக் கட்டிய காப்பீடு கை கொடுக்காது. பயிரை மாற்றினால் கடைசித் தேதிக்கு முன்பே வங்கியில் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள். 2020 காரிஃப் முதல் இந்தக் காப்பீடு கட்டாயமில்லை. வேண்டாம் என்றால் கடைசித் தேதிக்கு 7 நாள் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

ரெண்டாவது இடி விற்பனையில். ஈடு காட்டிய மாட்டை விற்பதும் ஈடு காட்டிய நெல்லை விற்பதும் ஒன்றல்ல. நெல்லை விற்கத்தான் வேண்டும். விற்ற காசில் கடனைக் கட்டுவதுதான் ஏற்பாடு. நம்மில் பலர் விலை ஏறட்டும் என்று பாரம்பரிய நெல்லைக் குதிரில் வைத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாக அரிசியாக்கி விற்கிறோம். அதில் தப்பில்லை. ஆனால் தவணைத் தேதி அறுவடையைக் கணக்கு வைத்துப் போடப்பட்டது. நாள் தவறினால் 3% வட்டிச் சலுகை போய்விடும். 3 லட்சம் வரை 4%க்குக் கிடைக்கிற கடன் 7% ஆகி, அதற்கு மேலும் போகும். குறுகிய காலப் பயிராக இருந்தால் ரெண்டு பருவம் தாண்டியும் கட்டாவிட்டால் வாராக்கடன் கணக்கில் விழும். ஒரு வருசத்துக்கு மேல் நிற்கும் பயிருக்கு ஒரே பருவம்தான். அப்புறம் அடுத்த கடன் கேட்டுப் போனால் கதவு திறக்காது. இருப்பு வைத்து விற்கிறவர்கள் அதை முன்கூட்டியே வங்கியில் சொல்லித் தவணைத் தேதியைப் பேசிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, டிராக்டரும் பவர் டில்லரும். வாகனக் கடனில் ஆர்.சி. புத்தகத்திலேயே 'ஹைப்பாதிகேஷன்' என்று ஏறிவிடும். கடனைக் கட்டி முடித்தாலும் அது தானாக அழியாது. கடன் கொடுத்தவரிடம் தடையின்மைச் சான்றும் படிவம் 35ம் வாங்கி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்து நீக்க வேண்டும். பத்து வருசம் கழித்து வண்டியை விற்கப் போகும்போதுதான் பலருக்கு இது தெரிய வருகிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஈடு காட்டிய வண்டியாகவே இருந்தாலும், அடியாட்களை அனுப்பிப் பிடுங்கிக்கொண்டு போக வங்கிக்கு உரிமை இல்லை. சட்டப்படிதான் எடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2007இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அதே மாதிரி, நீதிமன்றம் போகாமலே சொத்தை எடுக்க வங்கிக்கு அதிகாரம் கொடுக்கிற சர்ஃபாசி சட்டம், விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. 31ஆம் பிரிவிலேயே விலக்கு இருக்கிறது. பயந்து ஒடுங்க வேண்டியதில்லை. ஆனால் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

என் பழைய நண்பர்களிடம் இதைப் பேசினால் ஒரு பதில் வரும். "அண்ணே, சீசன்ல ஒரு ஆளுக்கு நூத்துக்கணக்கான ஃபைல். ஒவ்வொருத்தருக்கும் பாடம் எடுத்தா யாருக்கும் கடன் போகாது. தமிழ்ல அச்சடிச்சாலும் யாரு படிக்கிறா? நீங்க மட்டும் சொல்லிக் கொடுத்தீங்களாக்கும்?" கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர்களுடைய கஷ்டமும் நிஜம். ஆனாலும் வாடிக்கையாளர் பயன்படுத்துகிற அச்சிட்ட படிவங்கள் இந்தி, ஆங்கிலம், மாநில மொழி மூன்றிலும் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. கடன் ஒப்பந்தத்தின் நகலைக் கடன் வாங்குகிறவருக்குக் கொடுக்க வேண்டும் என்பதும் 2003லிருந்து உள்ள நெறிமுறை. நாம் புதிதாக எதையும் கேட்கவில்லை. இருக்கிற விதியைக் கேட்கிறோம். யாரும் படிப்பதில்லை என்பதும் முழு உண்மை இல்லை. படிக்கிற மாதிரி எழுதிக் கொடுத்துவிட்டு அப்புறம் அதைச் சொல்லலாம்.

நம் இயக்கத்துக்கும் இதில் வேலை இருக்கிறது. பஞ்சகவ்யம், மீன் அமிலம் எல்லாம் கூடிக் கூடிச் சொல்லிக் கொடுக்கிறோம். கடன் பத்திரம் படிக்க ஒரு நாளாவது சொல்லிக் கொடுத்திருக்கிறோமா? உரத்துக்கும் மருந்துக்கும் காசு கொடுக்காததால் நமக்குக் கடன் தேவை குறைவுதான். ஆனால் இல்லாமல் இல்லை. வேலியும் மோட்டாரும் மாடும் காசு கேட்கும். ஒவ்வொரு குழுவிலும் மாதக் கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்கி, யாராவது ஒருவருடைய பத்திரத்தை நடுவில் வைத்துப் படித்துப் பாருங்கள். ஓய்வு பெற்ற வங்கி ஆட்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கூப்பிட்டால் வருவார்கள். எங்களுக்கும் அந்தப் பாக்கி இருக்கிறது.

கையெழுத்துக்கு முன்னால் மூன்று கேள்வி போதும். நான் எதை ஈடு காட்டுகிறேன்? வயலில் இருப்பதும் இதில் எழுதியிருப்பதும் ஒன்றா? இதன் நகல் எனக்கு எப்போது கிடைக்கும்?

வட்டம் போட்டுக்கொண்டு வந்த தம்பி மறுபடியும் வங்கிக்குப் போனார். பயிர்க் கட்டத்தில் 'கடலை, ஊடுபயிர் துவரை' என்று எழுத வைத்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாராம். "அந்த சார் மொதல்ல சலிச்சுக்கிட்டாரு, அப்புறம் உட்கார வச்சு அவரே ஒவ்வொண்ணா விளக்கினாரு" என்று சொன்னார். கேட்டால் சொல்கிற ஆட்கள் அங்கேயும் இருக்கிறார்கள்.

'எப்பய்யா ஒங்க மாடாச்சு?' என்று அந்த அம்மா ரெண்டு வருசம் கழித்துக் கேட்டார். நாம் அதைக் கையெழுத்துப் போடும் முன்னாலேயே கேட்டுவிடுவோம்.